தீர்ப்புக்கு மறுநாள்

ஒரு சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடும்போது நான் முதலில் எழுதுவது கடைசிப் பக்கத்தைத்தான். 'பிரேயர்' அங்கேதான் இருக்கிறது. நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்று நாம் கேட்கிற நாலு வரி. வருகிற கட்சிக்காரர்கள் பெரும்பாலும் முழுச் சட்டமும் ஒழிய வேண்டும் என்பார்கள். அவர்கள் கோபம் அப்படி. எங்கள் சீனியர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நான் கொண்டுபோய் வைக்கிற வரைவில் சட்டத்தின் பெயருக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'எந்தப் பிரிவு? எந்த உட்பிரிவு?' என்று எழுதித் திருப்பிவிடுவார்.

"சட்டத்தைக் கொல்றதுல கோர்ட்டுக்கு ஒண்ணும் ஆசை கிடையாதும்மா" என்பார். தஞ்சாவூர்க்காரர். தில்லியில் எத்தனையோ குளிர்காலம் பார்த்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

அவர் சொல்வது வேடிக்கைக்கு அல்ல. சட்டசபையோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் செல்லும் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கும். செல்லாது என்று காட்ட வேண்டிய சுமை நம் தலையில். காட்டிவிட்டாலும், கெட்ட பகுதியைத் தனியாகப் பிரிக்க முடியுமானால் அதை மட்டும் வெட்டி மிச்சத்தை விட்டுவைப்பார்கள். 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் அதற்கான அளவுகோல்களை வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சில சமயம் வெட்டக்கூட மாட்டார்கள். 'இந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்' என்று குறுக்கிப் படித்து, சட்டத்தைக் காப்பாற்றிவிடுவார்கள். செய்தித்தாளில் 'சட்டம் ரத்து' என்று கொட்டை எழுத்தில் வருவதில் பாதிக்குமேல், உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு உட்பிரிவோ ஒரு வாக்கியமோதான் போயிருக்கும்.

பகவான் தாஸ் சாலையில் எங்கள் அறை. நீதிமன்றத்துக்குச் சாலையைக் கடந்தால் போதும். மெட்ரோ நிலையத்துக்கே இப்போது உச்ச நீதிமன்றம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மயூர் விஹாரிலிருந்து ஏறினால் வண்டி மாறாமல் வந்து இறங்கலாம். தமிழ்நாட்டு வழக்குகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. குமாஸ்தா அண்ணனும் தமிழர்தான், ஆனால் திரிலோக்புரியில் வளர்ந்தவர். மனுக்களை வாங்கிச் சரிபார்க்கிற ரிஜிஸ்ட்ரி கவுண்டரில் அவர் பேசுகிற இந்தியைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். மனுவில் 'டிஃபெக்ட்' போட்டுத் திருப்பினால், அதைச் சரிசெய்து மறுபடி எண் வாங்கிவருவது அவர் பொறுப்பு. பக்க எண் மங்கலாக இருக்கிறது, இணைப்பு வாசிக்க முடியவில்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை... நாடாளுமன்றச் சட்டத்தையே கேள்வி கேட்கிற மனுவாக இருந்தாலும் இந்தக் கவுண்டரைத் தாண்டாமல் ஒரு நீதிபதியின் கண்ணிலும் படாது.

சரி, இந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் அதைத் தர்க்கத்தால் வருவித்தார். எழுதி வைத்த அரசமைப்பு உச்சமானது என்றால் அதற்கு முரணான சட்டம் சட்டமே அல்ல, எது சட்டம் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்றார். அவர்களுடைய அரசமைப்பில் அது நேரடியாக எழுதப்படவில்லை. நம்முடையதில் 13-ஆவது உறுப்பில் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. அடிப்படை உரிமையைப் பறிக்கிற சட்டத்தை அரசு இயற்றக் கூடாது, இயற்றினால் மீறிய அளவுக்கு அது செல்லாது. 'மீறிய அளவுக்கு' என்பதில்தான் எங்கள் சீனியரின் பென்சில் பிடிமானம் கொள்கிறது. உரிமைகள் மட்டுமல்ல, நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் சட்டமியற்றும் அதிகாரம் தருகிற 245-ஆவது உறுப்பே, இந்த அரசமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. 1950-இல் கோபாலன் வழக்கில் தலைமை நீதிபதி கனியா இன்னும் ஒரு படி மேலே போனார். 13-ஆவது உறுப்பு ஒரு கூடுதல் எச்சரிக்கைக்காகப் போட்டதுதான், அது இல்லாவிட்டாலும் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டு என்றார்.

அந்தக் கோபாலன் வழக்கின் எதிர்மனுதாரர் சென்னை மாகாணம். அதே ஆண்டின் ரொமேஷ் தாப்பர் வழக்கிலும் அப்படியே. 1951-இன் செண்பகம் துரைராஜன் வழக்கு, 1952-இன் வி.ஜி. ராவ் வழக்கு, இரண்டிலும் மேல்முறையீடு செய்ததே அதே மாகாணம்தான். அரசமைப்புச் சட்டத்தின் பால பாடம் எல்லாம் நம் ஊர் வழக்குகள். 'உங்கள் ஊர் அரசாங்கம் இல்லாவிட்டால் எங்கள் பாடப்புத்தகம் பாதியாகியிருக்கும்' என்று பக்கத்து அறை பஞ்சாபி வக்கீல் கிண்டல் செய்வார். வி.ஜி. ராவ் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரியும் நம் ஊர்க்காரர்தான் என்று நான் பதில் சொல்வேன். சட்டசபையோடு மல்லுக்கட்டுகிற ஆசையில் நாங்கள் இதைச் செய்யவில்லை, அரசமைப்பு எங்கள்மீது வெளிப்படையாகச் சுமத்திய கடமை இது என்று அதில் அவர் எழுதியிருப்பதன் சாரத்தை, சீனியர் ஒவ்வொரு பெரிய வழக்கிலும் ஒரு முறையாவது எடுத்துவைப்பார்.

இவற்றில் செண்பகம் வழக்கை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை, 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் செல்லாது என்றார்கள். வழக்குப் போட்ட செண்பகம் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு மனுவோடு போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அது இருக்கட்டும். தீர்ப்புக்குத் தமிழகத்தில் கொந்தளிப்பு, பெரியாரின் போராட்டம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூன் மாதத்திலேயே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்துவிட்டது. அதன் வழியாக வந்த 15(4)-தான் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று சொன்னது. அப்போது உச்ச நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்திலேயே இளவரசர்கள் மன்றத்துக்கென்று கட்டிய மண்டபத்தில்தான் 1958 வரை உட்கார்ந்தது. ஆக, அரசாணையை வீழ்த்திய தீர்ப்பும் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப்போன திருத்தமும் ஒரே வட்டக் கட்டடத்திலிருந்து வந்தவை.

இது சட்டக் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் தீர்ப்புக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பது எனக்கு உறைத்தது ஒரு நிலத்துக்காரர் வழியாக.

காஞ்சிபுரம் பக்கத்துப் பெரியவர். பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு தொழிற்பேட்டைக்காக அவர் நிலத்தை எடுத்திருந்தார்கள். 2020 ஜனவரிக் குளிரில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து முதலில் எடுத்துவைத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019 ஜூலைத் தீர்ப்பு. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

"நாங்க ஜெயிச்சோம் வக்கீலம்மா. இதோ பாருங்க. அப்புறம் எப்படி மறுபடி நோட்டீஸ் வருது?"

அவர் சொன்னது உண்மை. மத்திய அரசின் புதிய நில எடுப்புச் சட்டம் 2013-இல் வந்து, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், சில வகைத் திட்டங்களுக்கு நிலத்துக்காரர்களில் பெரும்பாலானவர்களின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே மூன்று சட்டங்கள் இருந்தன. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக 1978-இல் ஒன்று, தொழில் நோக்கங்களுக்காக 1997-இல் ஒன்று, நெடுஞ்சாலைக்காக 2001-இல் ஒன்று. இவற்றைக் காப்பாற்ற மாநில அரசு மத்தியச் சட்டத்திலேயே 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியிருந்தது. உயர் நீதிமன்றம் அது போதாது என்றது. மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருளில், மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தாலொழிய, செல்லாது என்கிறது 254-ஆவது உறுப்பு. புதிய மத்தியச் சட்டம் வந்ததுமே அந்த மூன்றும் செத்துவிட்டன, செத்ததை உயிர்ப்பிக்க மறுபடி இயற்றி, மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், வாங்கவில்லை என்பது தீர்ப்பு.

சட்டசபை அதைத்தான் செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு புதிய சட்டம். மூன்று பழைய சட்டங்களும் 2013 செப்டம்பரிலிருந்தே உயிரோடு இருந்ததாகக் கொள்ள வேண்டும், இடையில் எடுத்த நடவடிக்கைகள் செல்லும் என்று எழுதி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கிவிட்டது.

பெரியவருக்கு இது எப்படிப் புரியும்? "கோர்ட்டு செல்லாதுன்னு சொன்னதை இவங்க செல்லும்னு சொல்லலாம்னா, கோர்ட்டு எதுக்கும்மா?" என்றார். குமாஸ்தா அண்ணன் தேநீர் வாங்கிவரப் போய்விட்டார். நான் சீனியரைப் பார்த்தேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லாமல், "ஐயா, வாத்தியார் கணக்கு தப்புன்னு சுழிச்சுக் குடுத்தா, பையன் சரியாப் போட்டுட்டு வரலாம். சுழிச்சதை அழிச்சுட்டு மார்க் போட்டுக்கக் கூடாது. அவங்க எதைப் பண்ணியிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார்.

பெரியவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "கணக்கு சரியோ தப்போ, எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

சட்ட மொழியில் இதைத் தீர்ப்பின் அடித்தளத்தை அகற்றுவது என்பார்கள். 1969-இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள்: எந்தக் குறையைக் காட்டி நீதிமன்றம் வீழ்த்தியதோ அந்தக் குறையை, முன்தேதியிட்டுக்கூட, சட்டசபை நீக்கலாம். இந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டாது என்று மட்டும் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைத் தமிழர்களுக்கு விளக்கக் காவிரியை விட நல்ல உதாரணம் இல்லை. 1991 ஜூனில் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலையில் கர்நாடகம் தன் பாசனத்தைக் காப்பதாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உத்தரவைச் செல்லாக்காசாக்குவதுதான் அதன் நோக்கம். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன்பேரில் உச்ச நீதிமன்றம் அந்த நவம்பரில் சொன்னது, அப்படி ஒரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று. தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காருவதற்கு அது சமம்.

ஜல்லிக்கட்டும் பெரியவர் வழக்கின் ஜாதிதான். 2014 மே மாதம் 2009-இன் மாநிலச் சட்டம் போனது, மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரண் என்று. மெரினாவுக்குப் பின் 2017-இல் சட்டசபை திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நிறைவேற்றியது. 2023 மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்.கே. புரம் மலை மந்திரில் பிரசாத வரிசையில் நின்றால்கூட யாராவது ஒருவர், "நீங்க மாட்டுக்கா, பீட்டாவுக்கா?" என்று கேட்பார். எனக்கு அந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் வேலை இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெரியவர் தரப்பைப் போன்ற நிலத்துக்காரர்களின் மனு உச்ச நீதிமன்றத்தில் கொரோனா காலத்தில் காணொளியில் நடந்தது. பெஞ்சின் முன்னால் நின்று வாதிடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஒரு வதை. பேசிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும், திரும்பி வந்தால் எதிர்த்தரப்பு பேசிக்கொண்டிருக்கும். 2021 ஜூன் 29-ஆம் தேதி தீர்ப்பு. மாநிலத்தின் புதிய சட்டம் செல்லும். உயர் நீதிமன்றம் சொன்ன குறை நீக்கப்பட்டிருக்கிறது, தீர்ப்பு மீறப்படவில்லை என்றது பெஞ்ச்.

சட்டமாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குத் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் உரிமை இல்லாவிட்டால், நீதிமன்றம்தான் கடைசி அதிகாரம் என்றாகிவிடும். உச்சம் அரசமைப்பு, நீதிமன்றம் அல்ல. ஆனால் அந்த உரிமையின் விலையை எப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள் தீர்ப்பை வைத்திருப்பவர்தான் கொடுக்கிறார். சேதியைத் தொலைபேசியில் சொன்னபோது பெரியவர், இழப்பீட்டைக் கூட்டிக் கேட்கலாமா என்றுதான் கேட்டார். கேட்கலாம் என்றேன். இன்னும் வாய்தா ஓடுகிறது.

சபை தன் பங்குக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை போட்டதும் ஒரு தமிழ்நாட்டு வழக்கே. நீலகிரியில் கூடலூர் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை நிலவுடைமையை, ஒழிக்கும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில், காடுகள் அரசுக்குப் போவது தொடர்பான பகுதியை உச்ச நீதிமன்றம் 1972-இல் ஏற்கவில்லை. 1974-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டது. முதல் திருத்தத்தின்போது உண்டாக்கிய அறை அது. அதற்குள் வைத்த சட்டத்தை அடிப்படை உரிமை காரணமாக யாரும் தொட முடியாது என்பது ஏற்பாடு. அதே வழக்குத்தான் பின்னால் கொயெல்லோ எதிர் தமிழ்நாடு மாநிலம் என்று ஒன்பது நீதிபதிகள் வரை போனது. 2007 ஜனவரி 11-ஆம் தேதி அவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்த்தவற்றையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று. அந்தத் தேதி கேசவானந்த பாரதி தீர்ப்பின் தேதி. பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்க முடியாது. ஒரு ஓட்டில் பிழைத்த கோட்பாடு அது.

சபைகள் செய்கிற எதிர்வினையாவது நாலு பேர் பார்க்க நடக்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முழுவதுமாக வீழ்த்தியது. இணையத்தில் யாரையாவது எரிச்சலூட்டும்படி எழுதினால் கைது செய்ய இடம் கொடுத்த பிரிவு. சில ஆண்டுகள் கழித்து, மயூர் விஹாரில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற அக்கா ஒரு முதல் தகவல் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். அவர் நாத்தனார் மகன், வடக்கே ஒரு சின்ன ஊரில் வேலை. எவரையோ பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஏதோ எழுதியிருக்கிறான். பிரிவுகளின் வரிசையில் நடுவில், தெளிவாகத் தட்டச்சில், 66ஏ. பையன் இரண்டு நாள் நிலையத்தில் உட்கார்ந்து வந்திருந்தான். நான் அந்த நிலையத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கம்ப்யூட்டரில் அந்தப் பிரிவு வருகிறதே" என்றார்.

சீனியர் ஒரு பக்கக் கடிதம் எழுதி, தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை இணைத்து மேலதிகாரிக்கு அனுப்பச் சொன்னார். பிரிவு போனது. ஆனால் நாடெங்கும் எத்தனை பேருக்கு மாடியில் ஒரு வக்கீல் இருப்பார்? 2019 பிப்ரவரியில் தீர்ப்பின் பிரதியை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பச் சொல்லி உத்தரவு. 2021 ஜூலையிலும் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருப்பதைக் கேட்டு நீதிபதிகள் அதிர்ந்தார்கள். அச்சிட்ட சட்டநூலில் பிரிவு அப்படியே இருக்கிறது, அது வீழ்த்தப்பட்டது என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது என்று அட்டர்னி ஜெனரல் விளக்கினார். 2022 அக்டோபரில், இந்தப் பிரிவில் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடி உத்தரவு. செல்லாது என்று சொன்ன ஒன்றைச் செல்லாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நீதிமன்றத்துக்குச் சட்டநூலிலிருந்து ஒரு வரியை எடுக்கும் அதிகாரம் கிடையாது. சொல்ல மட்டுமே முடியும். எடுக்க வேண்டியது அதை இயற்றிய சபை. பல சமயம் எடுப்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவு, ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்தால் தூக்கு மட்டுமே, வேறு தண்டனைக்கு இடமில்லை என்றது. 1983-இல் மித்து வழக்கில் அது போனது. நான் சட்டம் படித்தபோது புத்தகத்தில் இருந்தது. வக்கீலான பிறகும் இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி அந்தச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகுதான் அச்சிலிருந்து மறைந்தது. புதியதில் 104-ஆவது பிரிவு தூக்கு அல்லது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை என்கிறது. நாற்பது ஆண்டு ஆயிற்று.

அதனால் எங்கள் அறையில் புதிதாகச் சேரும் ஜூனியர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. அந்த ஆண்டு வாங்கிய சட்டநூல்களை எல்லாம் எடுத்து, அடிக்குறிப்பில் மட்டும் செத்துப்போன பிரிவுகளைத் தேடி, சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து, ஓரத்தில் வழக்கின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது. இரண்டாம் நாளே முணுமுணுப்பு ஆரம்பிக்கும், இதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே மேடம் என்று. அந்த நிலையத்து எழுத்தரும் அதைத்தான் சொன்னார்.